எந்த மான்செஸ்டர்?

கோயமுத்தூரில் ஏதாவது ஒரு விழாவுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்த்து, மேடையில் இருக்கிற பதினாறு பேருக்கும் 'அவர்களே' போட்டு முடித்ததும் மூன்று விஷயம் தவறாமல் வரும். ஒன்று, சிறுவாணித் தண்ணீர். இரண்டு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மூன்று, 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. மூன்றுக்கும் கைதட்டல் நிச்சயம். நானும் பலமுறை தட்டியிருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் தட்டவில்லை. எண்பது வயதிருக்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பின்னிங்கில் இருந்து ரிடையர் ஆனவராம். பேத்தி டான்ஸ் பார்க்க வந்திருக்கிறார். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஏந்தம்பி, அந்த அசல் மான்செஸ்டரு எப்படி இருந்துச்சாமாங்க?"

"நம்ம ஊர் மாதிரியே துணி மில் நெறைய இருந்த ஊருங்கய்யா."

"அது தெரியுமுங்க. ஊரு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். மனுசன் குடியிருக்கற மாதிரி இருந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் பேத்தி மேடைக்கு வந்துவிட்டதால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்கிறேன்.

அசல் மான்செஸ்டர் குடியிருக்கிற மாதிரி இல்லை.

நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின் வந்த பிறகு அங்கே புகைபோக்கிகள் வரிசையாக எழும்பின. புகை தாங்காமல் 1842-லேயே 'புகைத் தடுப்புச் சங்கம்' என்று ஒன்றை அங்கே ஆரம்பித்திருக்கிறார்கள். முன்னின்றவர் ஒரு பாதிரியார். அந்தச் சங்கம் சாதித்தது ரொம்பக் கம்மி. மில் முதலாளிகள் செல்வாக்கு அப்படி.

இன்னொரு கதை பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு. வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவினது போல இருக்கும் ஒரு விட்டில்பூச்சி. மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் பறவையின் கண்ணுக்குத் தெரியாது. புகையில் மரங்கள் கறுத்ததும் வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரிந்து பறவைகளுக்கு இரையானது. கறுப்புப் பூச்சி பிழைத்துக்கொண்டது. மான்செஸ்டரில் முதல் கறுப்புப் பூச்சி 1848-ல் பிடிபட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு! பூச்சிக்கு நிறம் மாற்ற ஐம்பது வருஷம் போதுமானதாக இருந்தது. மனிதனின் நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை.

'அமில மழை' என்று இப்போது சொல்கிறோமே, அந்த விஷயத்தைக் கண்டுபிடித்ததும் மான்செஸ்டரில்தான். ராபர்ட் அங்கஸ் ஸ்மித் என்ற வேதியியல்காரர் 1852-ல் அந்த ஊர் மழையைப் பிடித்துச் சோதித்தார். நகரத்துக்கு உள்ளே வர வர மழைநீரில் அமிலம் ஏறிக்கொண்டே போனது. நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து, புகையாகப் போய், மழையாக இறங்குகிறது என்றார். 1872-ல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் 'அமில மழை' என்ற சொல் அச்சேறியது.

இதுதான் நாம் கைதட்டி வாங்கிக்கொண்ட பெயர்.

ஆனால் ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். நம்முடைய மான்செஸ்டர் அப்படிப் பிறக்கவில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் ஆரம்பித்தபோது நம் ஊரிலும் நீராவிதான். ஆனால் மில்கள் வரிசைகட்டி வந்தது 1930-களில். அதற்குக் காரணம் நிலக்கரி இல்லை, நீலகிரி. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மலையில் விழுந்த தண்ணீர் கம்பி வழியே மின்சாரமாக இறங்கி வந்து நம் கதிர்களைச் சுற்றியது. அங்கே புகைபோக்கி வளர்த்த ஊர். இங்கே அருவி வளர்த்த ஊர். பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில் சங்கு ஊதினபோது வானம் சுத்தமாகவே இருந்தது.

அது நம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைக் கொஞ்ச நாளில் திறமை என்று நினைத்துக்கொள்வது மனித சுபாவம். "நம்ம ஊரு காத்துக்கு என்னங்க குறை?" என்று இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறோமே, அந்தத் தெம்பு பைக்காரா காலத்தில் வந்தது. ஊர் மாறிவிட்டது, தெம்பு மட்டும் மாறவில்லை.

காற்று என்றால் தலைக்கு மேல் எல்லையில்லாமல் கிடக்கிறது என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒரு கற்பனை செய்யுங்கள். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிறீர்கள். பஸ் அவிநாசி ரோட்டில் போகாமல் நேரே ஆகாயத்தில் ஏறுகிறது. கிட்டத்தட்ட ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங் வருகிற தூரத்துக்குள், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டருக்குள், பூமியின் மொத்தக் காற்றில் பாதி உங்களுக்குக் கீழே போய்விடும். அவ்வளவுதான் நம் கையிருப்பு. ஆப்பிளின் தோல் அளவுக்கு இருக்கும் அந்தச் சிறு படலத்தில்தான் உலகத்தின் அத்தனை அடுப்பும் அத்தனை எஞ்சினும் புகை விடுகின்றன.

இந்தப் படலத்திலிருந்து நீங்களும் நானும் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். எடை போட்டால் பன்னிரண்டு கிலோ. குடிக்கிற தண்ணீர் மூன்று லிட்டர்தான். அந்த மூன்று லிட்டருக்குச் சிறுவாணி வேண்டும், அத்திக்கடவுத் தண்ணி வந்தால் வாய் ருசியில் கண்டுபிடித்துவிடுவோம், ஆழ்குழாய்த் தண்ணி என்றால் முகம் சுளிப்போம். பத்தாயிரம் லிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் நம் மூக்கு. புகை என்றால் கறுப்பாக வரவேண்டும், நெடி அடிக்கவேண்டும், கண் எரியவேண்டும் என்று அதற்குப் பழக்கம். ஆபத்தானது அப்படி வருவதில்லை. டீசல், பெட்ரோல், நிலக்கரி எரியும்போது வரும் நுண்துகளில் ஒரு ரகம் இரண்டரை மைக்ரானுக்கும் சின்னது. உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் இருக்கிற முடிக்கும் சளிக்கும் தண்ணி காட்டிவிட்டு நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் அதன் கைவரிசை இருக்கிறது என்பது இப்போது மருத்துவ உலகம் சந்தேகமில்லாமல் ஒப்புக்கொண்ட விஷயம்.

எரிதலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. அது எரிந்தால் வரும் கரியமில வாயு இரண்டேகால் கிலோவுக்கு மேல்! எப்படி என்று யோசிக்கிறீர்களா? பெட்ரோலில் இருக்கிற கரி அணு ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துக்கொண்டு போகிறது. நாம் டேங்க்கில் ஊற்றியதைவிட மூன்று மடங்கு எடையை ஆகாயத்தில் கொட்டுகிறோம். மான்செஸ்டரில் முதல் நீராவி எஞ்சின் ஓடுவதற்கு முன்னால் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதலில் நம் பங்கும் இருக்கிறது.

சரி, கோயமுத்தூருக்கு வருவோம்.

ஆனி, ஆடி மாதங்களில் நம்மைக் காப்பாற்றுவது பாலக்காட்டுக் கணவாய். மேற்கு மலைத்தொடரில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து ஊரைப் பெருக்கித் தள்ளிவிடும். வாசல் தெளிக்கிற அம்மா மாதிரி. பெருக்கித் தள்ளிய குப்பை எங்கே போகிறது? பல்லடம், காங்கேயம் என்று கிழக்கே போகிறது. காணாமல் போவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் பெருக்க ஆள் வருவதில்லை. விடிகாலையில் தரை குளிர்ந்து, அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து கீழே தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். பால் வண்டி, ஸ்கூல் பஸ், கம்பெனி பஸ், ஃபவுண்டரி எல்லாம் விடுகிற புகை மூடிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மஃப்ளர் கட்டிக்கொண்டு ரேஸ் கோர்ஸில் வாக்கிங் போகிறோம். "பனிங்க, நல்ல பனி" என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பனியில் பாதிக்குப் பனி என்று பெயர் வைத்தவன் நம் மூக்குதான்.

நம்ம ஊர் தொழில் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மோட்டார், பம்ப் சத்தத்தில் வளர்ந்தவன். ஒவ்வொரு பம்ப்புக்குப் பின்னாலும் ஒரு வார்ப்படம் உண்டு. கோக் கரி போட்டு இரும்பு உருக்கும் குபோலா உலை உண்டு. பலர் மின்சார உலைக்கு மாறிவிட்டார்கள். மாறினவர்களைப் பாராட்டவேண்டும், சின்னப் பட்டறைக்காரருக்கு அந்த முதலீடு லேசு இல்லை.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கட். சென்னையைத் தவிர மாநிலம் முழுக்க அதே கதை. அப்போது கோயமுத்தூரில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு டீசல் ஜெனரேட்டர் நின்றது. நகைக்கடை முன்னால் பெரியது, பேக்கரி முன்னால் சின்னது. கிராஸ்கட் ரோட்டில் நடந்தால் சட்டைக் காலர் கறுக்கும். நாம் எல்லோரும் கரண்டைப் பற்றித்தான் கத்தினோம். புகையைப் பற்றிக் கத்தினவர் யாரையும் எனக்கு ஞாபகமில்லை. நானும் இன்வெர்ட்டர் விலைதான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னாலேயே ஒரு எச்சரிக்கை வந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டது. காற்று, தண்ணீர், மண் மூன்றையும் சேர்த்து நூற்றுக்கு எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற மார்க். எழுபதைத் தாண்டினால் 'மிக மோசமாக மாசடைந்த பகுதி'. கோயமுத்தூர் வாங்கியது 72.38. தமிழ்நாட்டில் வேலூர், கடலூர், மணலியோடு நான்காவதாக நம் ஊர். 2010 ஜனவரியில் இந்தப் பகுதிகளில் புதுத் தொழிலுக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி தருவதையே நிறுத்திவைத்தார்கள். பிறகு செயல்திட்டம் கொடுத்து, தடை விலகியது. மார்க் ஷீட்டைப் பற்றி அப்பாவிடம் சொல்லாத பையன் போல ஊர் அதை மறந்துவிட்டது. எந்த விழா மேடையிலும் அந்த 72.38-ஐ நான் கேட்டதில்லை.

இப்போது யாரிடமாவது காற்றைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "அட ஏனுங்க, நாம என்ன டெல்லியா?" என்பார்கள். வாஸ்தவம். டெல்லி இல்லை. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும் இருக்கின்றன, கோயமுத்தூர் இல்லை. ஆனால் டெல்லியோடு ஒப்பிட்டு நிம்மதியடைவது, ஐசியூவில் இருப்பவரைப் பார்த்துவிட்டு வந்து 'எனக்குச் சுகர் இருநூறுதான்' என்று லட்டு சாப்பிடுவதற்குச் சமம். இரண்டரை மைக்ரான் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வருஷ சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் 2009 விதிப்படி 40. எட்டு மடங்கு! நாற்பதுக்குள் இருந்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். நுரையீரலுக்கு எந்த விதி தெரியும்?

அந்த ரிப்போர்ட்டையும் எத்தனை இடத்தில் எடுக்கிறோம்? இருபத்து நாலு மணி நேரமும் தானாக அளக்கிற நிலையங்கள் என்று வாரியத்தின் பட்டியலில் நான் பார்த்தது குறிச்சி சிட்கோவும் பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியும்தான். கணபதிக்காரர் என்ன மூச்சு விடுகிறார், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா என்ன மூச்சு விடுகிறார் என்பதற்கு யார் பொறுப்பு?

இதுவரை சொன்னது நம் கண்ணெதிரே எரிவது. கண்ணுக்குத் தெரியாமல் எரிவது அதைவிடப் பெரிது.

பைக்காரா தண்ணீர் நம் பசிக்குப் போதவில்லை. 1960-களில் நெய்வேலி, பிறகு எண்ணூர், தூத்துக்குடி, 1987-ல் மேட்டூர் என்று அனல்மின் நிலையங்கள் வந்தன. கொங்கு நாட்டின் ஓரத்திலேயே இருக்கும் மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய யூனிட்டுகள் நான்கும் சேர்ந்து 840 மெகாவாட், 2013-ல் வந்தது 600. எல்லாம் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் மூன்றரைக் கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி என்று போடுங்கள். தினமும் இருபதாயிரம் டன்னுக்கு மேல் வரும்! ஐந்தாறு கூட்ஸ் வண்டி. ஒடிசாவில் வெட்டி, கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, ரயிலேற்றிக் கொண்டுவருகிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். மீதி ஆகாயத்துக்கு.

நம் வீட்டு மாடியில் ஏசி ஓடுகிறது. சுத்தமாக, சத்தமில்லாமல் ஓடுகிறது. அந்த ஏசிக்கும் ஒரு புகைபோக்கி உண்டு. அது மேட்டூரில் இருக்கிறது. அவ்வளவு நீளமான புகைபோக்கியை மான்செஸ்டர்க்காரன்கூடக் கட்டவில்லை.

"எங்களுக்குக் காத்தாடி இருக்குதுங்களே" என்பீர்கள். இருக்கிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. மில்காரர்களே முதல் போட்டு நட்டது நிறைய. மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். அதில் நமக்கு நியாயமான பெருமை உண்டு. அருவிக்குப் பிறகு காற்றையும் மின்சாரமாக்கிய ஊர்க்காரர்கள் நாம். ஆனால் காற்றாலைக்குக் காற்று வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அதற்கு வேலை. மார்கழியில் பாதி நாள் சும்மா நிற்கும். அப்போது நம் ஏசியையும் ஸ்பின்டிலையும் சுற்றுவது நிலக்கரிதான். காற்று இருக்கிற நாளில் ஃபோட்டோ எடுத்து மாட்டிவிட்டு, இல்லாத நாளில் எதை எரிக்கிறோம் என்று கேட்காமல் இருப்பது நல்ல கணக்குப்பிள்ளைக்கு அழகில்லை.

நிலக்கரி எரியத்தான் வேண்டும் என்றால், குறைந்தபட்சம் கந்தகத்தையாவது புகைபோக்கியிலேயே பிடித்து நிறுத்தலாம். அதற்குக் கருவி இருக்கிறது. சுண்ணாம்புக் கரைசலில் புகையைக் கழுவுகிற ஏற்பாடு. 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக விதி போட்டது. இரண்டு வருஷத்தில் நிறைவேற்றவேண்டும் என்றது. பிறகு தவணை, தவணைக்கு மேல் தவணை. கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று அறிவிக்கை வந்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் கம்மி, கருவிக்குச் செலவு ஜாஸ்தி, பலன் குறைவு என்று காரணம் சொன்னார்கள். கந்தகம் சதவீதத்தில் கம்மிதான். எரிகிற டன்னை எண்ணிப் பாருங்கள். அரை சதவீதம் என்றாலும் இருபதாயிரம் டன்னில் நூறு டன் ஆகிறது. ஒரு நாளைக்கு, ஒரு ஊரில்.

அந்தக் கந்தகம் வாயுவாகவே நிற்பதில்லை. காற்றில் மிதந்துகொண்டே சல்ஃபேட் என்ற நுண்துகளாக மாறுகிறது. மாறினபடியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். மேட்டூர் நமக்கு எந்தத் திசை? வடகிழக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து? வடகிழக்கிலிருந்து. எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அளந்துதான் சொல்லவேண்டும். அளக்கவேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை என்பதுதான் என் குறை. கிழக்கே தள்ளிவிட்ட குப்பையை எதிர்க்காற்று திருப்பிக் கொண்டுவராது என்று யார் சொன்னது?

திருப்பூரைப் பாருங்கள். நொய்யலைச் சாயத்தில் மூழ்கடித்த கதை உங்களுக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டி ஆனது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு வந்தார்கள். பெரிய சாதனை. ஆனால் உப்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஆவியாக்க வேண்டுமே? அதற்கு மின்சாரம் வேண்டும், நீராவி வேண்டும், பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிக்கவேண்டும். ஆற்றில் விட்ட சுமையில் ஒரு பங்கு இப்போது ஆகாயத்தில் ஏறுகிறது. பழையபடி ஆற்றில் விடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றுக்குக் கோர்ட்டுக்குப் போக ஒரு அயக்கட்டு விவசாயி இருந்தார். காற்றுக்கு அயக்கட்டு இல்லை. அதனால் வாதியும் இல்லை.

அந்தப் பனியன்கள் எங்கே போகின்றன? ஐரோப்பாவுக்கு, அமெரிக்காவுக்கு, இங்கிலாந்துக்கு. அசல் மான்செஸ்டரின் கடைவீதியில் திருப்பூர் டி-ஷர்ட் தொங்குகிறது. 1952-ல் அவர்கள் நகர மையத்தில் புகையில்லா மண்டலம் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகைமூட்டம் ஐந்து நாளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது; 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மரங்கள் வெளுத்தன. அந்த விட்டில்பூச்சியும் மறுபடி வெள்ளையாகிவிட்டது. சட்டம் ஒரு காரணம். மில்களே மூடிப் போனது இன்னொரு காரணம். துணி இன்றும் அவர்களுக்கு வருகிறது. துணிக்கான புகை மட்டும் இங்கே தங்கிவிட்டது.

அவர்களைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். அப்படித்தான் நான் எழுத நினைத்தேன். ஆனால் நாம் மேட்டூருக்குச் செய்வதும் அதேதான் இல்லையா? வெளிச்சம் நமக்கு, சாம்பல் மேட்டூர்க்காரருக்கு. மான்செஸ்டர் நமக்குச் செய்ததை நாம் பக்கத்து ஜில்லாவுக்குச் செய்கிறோம். பெயரை மட்டும் வாங்கவில்லை, பழக்கத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் முடிந்துபோனது. ஒரு இடத்தில் போய்க் கேட்டேன். "வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்றார் பையன். கை காட்டினேன். செல்போனில் நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்தான். மூன்று நிமிஷத்தில் சான்றிதழ் வந்தது. என் வண்டியின் புகை சுத்தம் என்று அரசாங்க முத்திரையோடு இருந்தது. சைலன்ஸருக்குள் ஒரு குழாயும் போகவில்லை. நான் ஆட்சேபிக்கவில்லை. அவசரம். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காற்றைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவன் செய்தது இது.

ஒன்றும் நடக்காது என்று அர்த்தமில்லை. நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள். 2000-ம் ஆண்டில் நாடு முழுக்க நிறுத்தினார்கள். டீசலில் பத்து லட்சத்தில் ஐநூறு பங்கு வரை இருந்த கந்தகம் படிப்படியாக இறங்கி, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது பத்துப் பங்கு ஆனது. முடியவே முடியாது, கம்பெனிகள் திவாலாகும் என்றவர்கள் இருந்தார்கள். யாரும் திவாலாகவில்லை. விதி போட்டு, தேதி குறித்து, தேதியைத் தள்ளாமல் இருந்தால் நடக்கிறது. ஸ்கூட்டரில் எடுத்த கந்தகத்தை மேட்டூரில் எடுக்கமுடியாதா என்பதுதான் கேள்வி.

கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்லமுடியாது. சிறுவாணிக்குக் கேட்டோம், ரயிலுக்குக் கேட்டோம், விமானத்துக்குக் கேட்டோம். காற்றுக்கும் கேட்கலாம். ஊரின் நான்கு மூலையிலும் அளவுக் கருவி. அதன் எண், பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போர்டில். பம்ப் தயாரிக்கிற ஊரில் சின்ன ஃபவுண்டரிக்காரர் மின்சார உலைக்கு மாறக் குறைந்த வட்டிக் கடன். அந்த மின்சாரம் தருகிற மேட்டூருக்குப் புகை கழுவும் கருவி. இதில் ஒன்றுகூட ஆகாயத்தைப் பிடிக்கிற கோரிக்கை இல்லை.

இங்கிலாந்தில் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடிவிட்டார்கள். ராட்கிளிஃப் என்ற இடம். 1882-ல் லண்டனில் ஆரம்பித்தது, நூற்று நாற்பத்திரண்டு வருஷம் ஓடி முடிந்தது. அந்த வழியில் நாம் அவர்களுக்குப் பின்னால்தான் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. அருவியில் ஆரம்பித்தவர்கள் நாம்.

பெரியவரைப் போன வாரம் அதே பள்ளி வாசலில் பார்த்தேன். பேத்தியைக் கூட்டிப் போக வந்திருந்தார். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பூச்சி கறுத்த கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் பஸ்கள் வரிசையாக எஞ்சினை ஆஃப் பண்ணாமல் நின்றிருந்தன.

"நாங்க மில்லுல பஞ்சு தின்னோமுங்க. வேற வழியில்ல, சோறு வேணும். இந்தப் புள்ளைங்களுக்கு என்ன தலையெழுத்து?"

பிறகு எழுந்து போய், முதல் பஸ் டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார்.

அடுத்த பஸ்ஸுக்கு நான் போனேன்.